நீர்க்கட்டி என்று சொன்னார்கள்

டோப்ரி பால்கனியில் உட்கார்ந்து, சுட்ட சிவப்புக் குடைமிளகாய்களின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைப்பதற்காக அவர்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் மிளகாய் சுடும் மாதம் அது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவன் ஒரு தடவைகூட அந்த வேலையைத் தொட்டதில்லை.

"என்ன, திடீர்னு இவ்ளோ பாசம்?" என்றாள் அவன் மனைவி ஸ்லாதினா.

"ஏன், நான் உரிச்சா மிளகா கோவிச்சுக்குமா?"

"மிளகா கோவிச்சுக்காது. எனக்குத்தான் சந்தேகமா இருக்கு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவளுடைய இடது மார்பிலிருந்த கட்டியை ஸ்கேன் செய்த டாக்டர் வெலிக்கோவா, "வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, நடைவழியில் டோப்ரி அந்த டாக்டரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நடைவழி அவளுக்குத் தெரியும். கெட்ட நோயென்றால் அங்கேதான் வீட்டார் டாக்டரை மறித்து, நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் தங்கை கின்காவுக்கு மார்பில் புற்று என்று தெரிந்ததும், அப்போதிருந்த டாக்டரை அவளே அங்கே மறித்தாள். "நீர்க்கட்டின்னு சொல்லிடுங்க" என்று கேட்டதும் அவள்தான். ஏழு மாதத்தில் கின்கா போய்விட்டாள். கடைசி வாரத்தில், "அக்கா, நீர்க்கட்டிக்கா எலும்பெல்லாம் வலிக்கும்?" என்று கேட்டாள். "குளிருடி, எல்லாருக்கும்தான் வலிக்குது" என்றாள் ஸ்லாதினா.

"உப்பு வாங்கிட்டு வரேன்" என்று டோப்ரியிடம் சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"டாக்டர், எனக்கு இன்னும் எத்தனை மாசம்?"

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. இந்த நீர்க்கட்டிக் கதையைக் கட்டினவளே நான்தான்." கின்காவின் கதை முழுவதையும் கொட்டினாள்.

வெலிக்கோவா ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பினார். "படுங்க. அன்னிக்கு வலிக்குதுன்னீங்களே, தண்ணியை எடுத்துடறேன். கண்ணை மூடாம பாருங்க."

ஊசி இறங்கியது. குழாயில் வெளிர்மஞ்சள் நீர் ஏறியது. திரையில் இருந்த கறுப்பு வட்டம் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனது. ஸ்லாதினா தொட்டுப் பார்த்தாள். கட்டி இல்லை.

"இது பின்னால புத்தா மாறாதா?"

"வெறும் தண்ணிக்கட்டி மாறாதும்மா. உள்ள கெட்டியா ஏதாவது தெரிஞ்சா, ரத்தம் வந்தா விடமாட்டேன், சோதனைக்கு அனுப்புவேன். புதுசா எந்தக் கட்டி வந்தாலும் வந்து காட்டுங்க. உங்களுக்குக் கவனம் தேவை, ஆனா இந்தக் கட்டியால இல்ல. கூடப்பிறந்தவளுக்குப் புத்து இருந்ததே, அதனால. அதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

சொல்லாமல் பழகிவிட்டது என்று எப்படிச் சொல்வாள்?

"அப்போ டோப்ரி உங்ககிட்ட என்ன பேசினான்?"

"கெட்ட சேதின்னா தன்கிட்ட மட்டும் சொல்லணுமாம். உடம்பு யாரோடதோ அவங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்னுட்டேன்."

வீட்டில் டோப்ரி விரலெல்லாம் சிவப்பாக நிமிர்ந்தான். "உப்பு எங்க?"

அவள் எதிரே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். அவன் தலை குனிந்தான். "நீ பயந்துடுவேன்னுதான்... நீர்க்கட்டின்னதை நானும் நம்பல, அதான் இந்த மிளகாயெல்லாம்."

"நானும் கின்கா பயந்துடுவான்னுதான் நினைச்சேன். நெஜத்துல பயந்தது நான். அவ தன் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக நேரம் குடுக்காம பண்ணிட்டேன். அந்தப் பொய்யாலதான் இன்னிக்கு உண்மையைச் சொன்னாக்கூட எனக்கு நம்ப முடியல. நோயை நோயாளிகிட்ட மறைக்கிறது பாசமில்ல, டோப்ரி. அது இருக்கிறவங்களையும் சேத்துக் கொல்லும்."

அவர்கள் ஊர் வழக்கப்படி, ஆமாம் என்று தலையை இடவலமாக அசைத்தான் டோப்ரி.

ஸ்லாதினா போனை எடுத்தாள். கின்காவின் மகள் ரலித்சா, அம்மா இதயம் நின்று இறந்ததாகத்தான் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"ரலித்சா, பெரியம்மா பேசறேன். உக்காந்துக்கோ கண்ணு. உங்கம்மாவுக்கு என்ன நோய்ங்கறது உனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் நீ உன் உடம்பைப் பாத்துக்க முடியும்."