ஊட்டுக்காரி

கோயமுத்தூர்க்காரர்களுக்கு அடுத்தவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரியாது. எதிராளி மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஒரு ‘சரிங்க’ போட்டுவிடுவார்கள். உங்கள் வீடு தீப்பற்றி எரிகிறது என்று சொன்னாலும் முதலில் ‘சரிங்க’ என்றுதான் வாயில் வரும், அப்புறம்தான் ஓடுவார்கள். காதில் விழுந்தது, மேலே சொல்லுங்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. இது சிங்காநல்லூரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். சென்னையிலிருந்து வந்திருந்த வக்கீல் சசிதருக்குத் தெரியவில்லை.

சசிதரைத் தப்புச் சொல்ல முடியாது. நூல் மில் நிர்வாகம் அவரை விசாரணை அதிகாரியாக அமர்த்தியிருந்தது. வந்தார், குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தார், தொழிலாளியின் பதிலை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். கொங்குப் பேச்சு பிடிபடாத இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்சனல் ஆபீசர் ராமாமணியிடம் கேட்டுக்கொண்டார். ராமாமணியை அங்கே உட்கார வைத்திருந்ததே அதற்காகத்தான்.

எதிரே நின்ற மாசாணியம்மாள், நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் பதினாறு வருஷமாக வேலை செய்பவள். கல்யாணம் ஆகாதவள். அவள்மேல் இருந்த குற்றம் இதுதான்.

ஆயுத பூஜைக்கு மில்லுக்குக் குடும்பத்தோடு வருவது வழக்கம். புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று, தாங்கள் ஓட்டும் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வருஷம், தொண்ணூற்றாறில், மாசாணியம்மாள் நஞ்சம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நஞ்சம்மாள் சென்னிமலையில் ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒத்துவராமல் வந்துவிட்டவள். இருவரும் ஒண்டிப்புதூரில் ஒரு வாடகை வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். மெஷினுக்கு வைத்ததுபோக விரலில் மிஞ்சிய குங்குமத்தை மாசாணியம்மாள் நஞ்சம்மாளின் வகிட்டில் வைத்தாள். நஞ்சம்மாள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் அந்தக் குனிதல் இருக்கிறதே, அதைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சூப்பர்வைசர் தம்பிதுரை அன்று சாயங்காலமே புகார் எழுதினார். மில் மாசாணியம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. சங்கத்துக்காரர்கள், இது கூலி சம்பந்தப்பட்டது இல்லை என்று நாசூக்காக நழுவிக்கொண்டார்கள்.

“இந்த மாதிரி ஆளுங்களைக் காப்பாத்தறதுக்கு சட்டத்துல ஒரு வரிகூட இல்ல மேடம்,” என்று விசாரணைக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டே சசிதர் ராமாமணியிடம் சொல்லியிருந்தார். “பொம்பளைங்கறதால வேலைய விட்டுத் தூக்கினா கோர்ட்ல கேக்கலாம். சாதிக்காகத் தூக்கினா கேக்கலாம். இதுக்குப் பேரே கிடையாது. ஆனா உங்க மில் விதிகள்ல ‘ஒழுக்கக்கேடு’ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. அது சாக்குப்பை. எதை வேணாலும் போட்டுக் கட்டலாம்.”

அவர் குற்றச்சாட்டைப் படித்தார். “நீங்களும் நஞ்சம்மாள் என்கிற பெண்ணும் கணவன் மனைவி போல வாழ்ந்து வர்றீங்க.”

“சரிங்க,” என்றாள் மாசாணியம்மாள்.

“அதை மில்லுக்குள்ள எல்லார் முன்னாடியும் காட்டி ஒழுங்கைக் கெடுத்தீங்க.”

“சரிங்க.”

சசிதர் பேனாவை நிறுத்திவிட்டு ராமாமணியைப் பார்த்தார். “ஒத்துக்கறாங்களா மேடம்?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ராமாமணியின் குடும்பம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம்தான். ஆனால் நாலு தலைமுறையாக இந்த மண்ணில் ‘சரிங்க’ போட்டு வாழ்ந்தவர்கள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாசாணியம்மாள் மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. அந்தப் பேச்சு அந்த அறையில் இன்னும் ஒரு நிமிஷம் நீடிப்பதை அவளால் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு கூச்சம். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும், படுக்கை எத்தனை என்பது வரைக்கும் போகும், அத்தனையையும் தன் வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும்.

“ஒத்துக்கற மாதிரிதாங்க சார்,” என்றாள்.

மாசாணியம்மாளுக்கு அந்தப் பதில் கேட்டதா என்று தெரியவில்லை. போகும்போது ராமாமணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு ராமாமணியைச் சாப்பிட விடவில்லை.

அடுத்த வாரம் நஞ்சம்மாள் பர்சனல் ஆபீசுக்கே வந்துவிட்டாள். சண்டைக்கு வந்தவள் போலத் தெரியவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“ஏனுங்க அம்மணி, அவ ஒத்துக்கிட்டான்னு தம்பிதுரை ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறாருங்க. என்னத்தைங்க ஒத்துக்கிட்டா?”

ராமாமணி மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினாள்.

“அவகிட்டக் கேட்டா, ‘நா ஒண்ணுமே சொல்லுலயே, அம்மணி பக்கத்துலதான இருந்தாங்க, தப்பா எழுதுனா அவங்க வுட்டுருவாங்களா’ங்கறா. உங்கள அவ்வளவு நம்பறாளுங்க. அதான் ஒரு எட்டு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட ராமாமணிக்கு இவ்வளவு எரிந்திருக்காது. “பாக்கறேங்க, நீங்க போங்க,” என்று அனுப்பிவைத்தாள். அவள் தலை மறைந்ததும் கழிவறைக்குப் போய் அழுதாள். அழுது முடித்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இந்த அழுகையால் யாருக்கு என்ன லாபம்? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டு சசிதரைக் கூப்பிட்டாள்.

“சார், அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. அவங்க ஒத்துக்கலீங்க. எங்க ஊர்ல சரிங்கன்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தங்க.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்,” என்றார் சசிதர். “சரி, மறுபடி விசாரிக்கறேன். அவங்ககிட்ட நேரடியா ஒரே கேள்வி. நஞ்சம்மாள் உங்களுக்கு யாரு? சொந்தம், சிநேகிதம்னு எது சொன்னாலும் கேஸ் நிக்காது. குங்குமம் வச்சதெல்லாம் ஒரு குத்தமா? மூடிடலாம்.”

மில் முதலாளி அழகிரிசாமி ராமாமணிக்குச் சின்னாயனா முறை, அப்பாவின் தம்பி. விஷயத்தைக் கேட்டதும் முகம் கடுத்தது. “உனக்கு வேற வேலையே இல்லியா ராமா? அடங்கின நெருப்பை எதுக்கு ஊதறே?” என்று ஒரு பாட்டம் வைதார். அப்புறம் வக்கீலிடம் பேசிவிட்டு, “அந்தம்மா ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நானும் விட்டுடறேன். எனக்கென்ன அவங்கமேல பகையா?” என்றார்.

ராமாமணிக்கு உயிர் வந்தது. அன்று மாலையே ஒண்டிப்புதூருக்குப் பஸ் ஏறினாள். ஒரே அறையும் சமையலறையுமான வீடு. வாசலில் துவைத்த சேலைகள் ஒரே கொடியில் காய்ந்தன. எது யாருடையது என்று தெரியவில்லை. மாசாணியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். முதல் விசாரணையில் தான் தப்பாகச் சொன்னதையும், வக்கீலிடம் அதைத் திருத்தியதையும் ராமாமணி சொன்னாள்.

“இனி ரொம்பச் சுலபமுங்க,” என்றாள் ராமாமணி. “நஞ்சம்மாள் யாருன்னு கேப்பாரு. சொந்தக்காரின்னு சொல்லிப்போடுங்க. அத்தோட முடிஞ்சுது. வேல கெடச்சுரும்.”

சமையலறையில் நஞ்சம்மாளின் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. “காப்பி ஆறுதுங்க, குடிங்க,” என்றாள் மாசாணியம்மாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டாள் என்று ராமாமணி தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டாள். அப்படி முடிவு கட்டிக்கொள்வது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

இரண்டாவது விசாரணைக்கு நஞ்சம்மாளும் வந்திருந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அறைக்கு இடுப்பளவுக்கு ஆடும் பாதிக் கதவுதான். மேலேயும் கீழேயும் திறப்பு. உள்ளே பேசுவது பெஞ்சுவரை கேட்கும். தம்பிதுரை தன் சாட்சியத்தைச் சொல்லிவிட்டு டிபார்ட்மென்டுக்குப் போய்விட்டார். அறையில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள்.

“ஒரே கேள்விம்மா,” என்றார் சசிதர். குரலில் கனிவு இருந்தது. “நஞ்சம்மாள் உங்களுக்கு யாரு?”

சொந்தக்காரி, சொந்தக்காரி என்று ராமாமணியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

மாசாணியம்மாள் வக்கீலைப் பார்க்கவில்லை. பாதிக் கதவைப் பார்த்தாள். அதன் அடியில் நஞ்சம்மாளின் செருப்பும் சேலைக் கரையும் தெரிந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எம்பட ஊட்டுக்காரிங்க.”

இந்த ஊரில் ஒரு ஆண் தன் பெண்டாட்டியைச் சொல்லும் சொல் அது. அதற்குமேல் அதில் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பதினாறு வருஷ வேலை, அதற்குச் சேர்ந்த கிராஜுவிட்டி, அந்த ஓரறை வீடு, எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சொல்லுக்குக் கொடுத்துவிட்டு அவள் நிமிர்ந்து நின்றாள்.

சசிதர் நெற்றியைச் சுருக்கினார். “வீட்டுக்காரியா? ஓ, வாடகைக்கு இருக்காங்க இல்ல. வீட்டு ஓனரா?” என்று ராமாமணியிடம் திரும்பினார். சென்னையில் வீட்டுக்காரி என்றால் மாதம் பிறந்ததும் வாடகை வாங்க வருபவள்.

மாசாணியம்மாளும் திரும்பி ராமாமணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. ஒரு சொல்லைச் சொல்லியாகிவிட்டது, அதை அப்படியே அந்தப் பக்கம் சேர்த்துவிடுங்கள் என்கிற பார்வை. ராமாமணிக்கு அது நன்றாகவே புரிந்தது. உண்மையைச் சொன்னால் இவள் நாளையிலிருந்து தெருவில் நிற்பாள், அதற்கும் காரணம் நான்தான், முடிந்து போன விசாரணையை இழுத்து வந்து உட்கார வைத்தவள் நான் என்று மனசு படபடத்தது. முதல் தப்பைத் துடைக்க வந்த இடத்தில் இன்னொன்றுக்கு அவளுக்குத் திராணி இல்லை.

“ஆமாங்க சார்,” என்றாள். “வீட்டு ஓனர்தான்.”

“அவ்வளவுதானே!” சசிதர் சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தார். “இதுக்குப்போய் இத்தனை அமர்க்களம். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடுங்க.”

வெளியே பெஞ்சில் நஞ்சம்மாள் எழுந்து நின்றிருந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றாள். அது எந்தச் சொல்லைக் கேட்டு வந்த அழுகை, முதலில் கேட்டதா பின்னால் கேட்டதா என்று ராமாமணியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“காலை ஷிப்டுக்கு வந்துருங்க,” என்றாள் ராமாமணி. “எல்லாம் முடிஞ்சுதுங்க. தம்பிதுரைகிட்டவும் நான் பேசிக்கறேன்.” அவர்கள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். நன்றி என்று ஒன்றும் வேண்டாம், ஒரு சின்ன ஆறுதல் தெரிந்தால்கூடப் போதும் என்று இருந்தது.

“வேலைய வாங்கிக் குடுத்துப்போட்டீங்க. பெரிய உபகாரமுங்க,” என்றாள் மாசாணியம்மாள். மெய்யாகவே சொன்னாள், குத்தல் இல்லை. நஞ்சம்மாளின் தோளில் கைவைத்துப் படியிறக்கிவிட்டு, தான் மட்டும் ஓரடி திரும்பி வந்தாள். “ஒண்ணு சொல்லுட்டுங்களா? இத்தன வருசத்துல இன்னிக்குத்தானுங்க அவ காதுபட நாலு பேர் முன்னால சொன்னேன். சொல்றதுக்கு ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தேன். மொதத் தடவ நாஞ் சொல்லாதத சொன்னேன்னீங்க. இப்ப சொன்னத சொல்லலேன்னுட்டீங்க. நாஞ் சொல்றத ஒருக்காவாச்சும் அப்படியே சொல்லப்படாதுங்களா அம்மணி?”

மாசாணியம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இறங்கிப் போய் நஞ்சம்மாளோடு சேர்ந்துகொண்டாள். இருவரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

“மேடம்,” என்று உள்ளிருந்து சசிதர் கூப்பிட்டார். எழுதி முடித்திருந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்து, அடியில் ஓர் இடத்தைக் காட்டினார். “தொழிலாளி சொன்னதை உள்ளபடி எடுத்துச் சொன்னேன்னு ஒரு வரி போட்டிருக்கேன். அதுக்குக் கீழ உங்க கையெழுத்து.”

இப்போதுகூடச் சொல்லலாம். சொன்னால் அந்த வேலை போய்விடும். ராமாமணி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.