குமரி ஏர், கோடை 2009

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரே சொல்லும். ஊர் சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, நானும் நம்பித் தொலைத்துவிட்டேன்.

தி.நகரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் இருபத்தாறு வருடம் டிக்கெட் போட்டவன் நான். மூடிப்போன சின்னச் சின்ன விமானக் கம்பெனிகளின் நேர அட்டவணைகளைச் சேர்ப்பது என் கிறுக்கு. மந்தைவெளி வீட்டு அலமாரியில் முந்நூற்று நாற்பது இருக்கின்றன. விமானங்களை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். காகிதத்தில் மட்டும் இன்னும் சேலத்துக்கு எட்டு பத்து, கடப்பாவுக்குப் பதினொன்றரை. எதைப் பிரித்தாலும் யாரோ பெட்டியோடு நின்றுகொண்டிருப்பது தெரியும். யாரோ என்ன, என் மனைவி ஜெசிந்தாதான்.

2009 மார்ச் 30, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு ஆபீசுக்குப் போன் செய்தாள். தூத்துக்குடியில் அவள் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். "ஃப்ளைட்டு எத்தன மணிக்குங்க?" என்றாள். என் எதிரே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய் சும்மா இருக்குமா?

"குமரி ஏர், நாலு நாப்பது. பாதி சீட்டு காலியாத்தான் போகும், கவுண்டர்லயே டிக்கெட் வாங்கிக்கலாம். நிதானமா கெளம்பு."

அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் என் கௌரவம் என்னாவது?

நிதானமாகத்தான் கிளம்பினாள், எனக்கு ராத்திரிக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு. மூன்றரைக்கு மீனம்பாக்கத்திலிருந்து பேசினாள். "ஃப்ளைட்டு இல்லைங்கிறாங்க" என்று மட்டும் சொன்னாள். "கேன்சல் பண்ணிட்டானுங்களா, திருட்டுப் பசங்க!" என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள். கோயம்பேடு போய் பஸ் ஏறினாள். அவள் பஸ்ஸில் இருக்கும்போதே, சாயங்காலம் ஆறு மணிக்கே அம்மா போய்விட்டார். நான் மறுநாள் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை விமானங்களுக்குக் கோடைக்கால அட்டவணை தொடங்கிவிடும். என் தொழிலில் இது அரிச்சுவடி. அந்தத் திங்கள் இரவு அவள் வடித்துவைத்த சோற்றின் முன் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அந்த ஞாயிறு நேற்று. நான் சொன்னது குளிர்கால நேரம். கோடையிலும் அதே நாலு நாற்பதாக இருந்து, அன்றைக்கு மட்டும் கம்பெனி ரத்து செய்திருந்தால் நான் தப்பித்தேன். நேரமே மாறியிருந்தால், ஒரு தாயை மகள் முகம் பார்க்காமல் சாகவிட்டவன் நான்தான். கம்பெனி ஜூன் மாதமே மூடிவிட்டது. இனி அந்தக் கோடை அட்டவணைதான் வாய் திறக்க வேண்டும்.

பதினாறு வருடம் தேடினேன். ஜெசிந்தாவையே கேட்டிருக்கலாம், தைரியம் வரவில்லை. அவளும் எதுவும் சொன்னதில்லை. தினமும் நாலு நாற்பது ஆனால் "இல்லைங்கிறாங்க" என்று காதுக்குள் கேட்கும். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அதையும் தாண்டிக் கேட்கும்.

போன சனிக்கிழமை டில்லிபாபு போன் செய்தான். ஆழ்வார்பேட்டையில் பழைய புத்தகம், பேப்பர் வாங்கி விற்பவன்.

"சார், நீ கேட்டுக்கினே இருந்தியே குமரி, அதோட சம்மர் கீது. பெருங்குடில ஒரு வூட்ட காலி பண்ணாங்கோ, அதுல வந்துச்சு."

"பிரிச்சுப் பாத்தியா?"

"நா இன்னாத்துக்குப் பாக்குறேன்? ஒரு துண்டு பேப்பருக்கு இந்த அலைச்சல் அலையிற ஆளு நீ ஒர்த்தன்தான்."

வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். நீலமும் மஞ்சளுமாக மூன்று மடிப்புக் காகிதம். வழியில் பிரிக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மடிப்பில் விரலை வைத்தேன், எடுத்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

மேஜையின் அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"கெடச்சிருச்சா?"

"ம்."

"பிரிங்க."

"அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒண்ணே கால்" என்றாள். "உள்பக்கம், மூணாவது வரி."

பிரித்தேன். சென்னை – தூத்துக்குடி, தினசரி, 13.15. அவள் எனக்குப் போன் செய்தபோது முழுதாக மூன்று மணி நேரம் இருந்திருக்கிறது. நாலு மணிக்கெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கவுண்டர்ல இருந்த பொண்ணு ஒண்ணு குடுத்தா. பஸ்ல வழியெல்லாம் அதத்தான் பாத்துட்டுப் போனேன்."

கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "அப்ப இத்தன வருஷமும் அது உங்கிட்டதான் இருக்கா? நான் நாய் மாதிரி அலையிறத வேடிக்க பாத்துட்டு இருந்தியா?"

"எங்கிட்ட இல்ல." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "அடக்கத்தன்னைக்கு, பெட்டிய மூடப் போறோம், முத்தம் குடுக்கிறவங்க குடுங்கன்னாங்க. அப்ப அம்மா கைக்கு அடியில வச்சிட்டேன். நான் ஏன் வரலன்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா?"