கைநாட்டு

காதில் ஒட்டியிருந்த போனில், இன்சூரன்ஸ் கம்பெனி காத்திருக்கச் சொல்லிப் போட்ட ஒரே பாட்டு நாற்பது நிமிடமாக ஓடியது. ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் வேலைகளைப் பார்க்கிற, எல்லோரும் 'இன்சூரன்ஸ் அக்கா' என்று கூப்பிடுகிற அவள், மறு கையால் வெல்டரின் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சாரத்திலிருந்து விழுந்து, ஒன்பது நாளாக நினைவில்லாமல் வென்டிலேட்டரில் கிடக்கிற மனுஷன். ஐசியூ செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொள்ளாவிட்டால் வெள்ளிக்கிழமை சாதாரண வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மூச்சு கொடுக்கிற மெஷின் கிடையாது.

கம்பெனி ஏற்கெனவே இரண்டு முறை கையை விரித்துவிட்டது. டாக்டர் எத்தனை நிமிடம் பக்கத்தில் நின்றார் என்று எழுதவில்லை என்றது முதல் கடிதம். எழுதி அனுப்பினால், பிறகு எழுதியது செல்லாதாம். சொல்கிற வாய்க்குக் கூச்சம் வேண்டாமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் பாட்டு நின்றது. மேல்முறையீட்டில் நோயாளியேதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றான் கம்பெனிக்காரன்.

"அவருக்கு நினைவே இல்லங்க. சம்சாரம் போட்டா ஆகாதா?"

"ரூல்ஸ்ல இடமில்ல மேடம். கைநாட்டா இருந்தாலும் பரவாயில்ல."

மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஐசியூவுக்கு ஓடினாள். செத்தவரிடம் சொத்து எழுதி வாங்குகிற மாதிரி இருக்கிறது என்று நர்ஸ் முணுமுணுத்தாள். வெல்டரின் விரல்களில் தீப்பொறி சுட்ட தழும்புகள். அவர் மனைவி மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். முதல் ரேகை இழுபட்டுவிட்டது. இரண்டாவது தடவை இன்சூரன்ஸ் அக்காவே பெருவிரலைப் பிடித்து மெதுவாக உருட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது. மேல்முறையீட்டை ஏற்றுப் பரிசீலித்தார்களாம். தாமே கைநாட்டு வைக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கிற நோயாளிக்குத் தீவிர சிகிச்சை தேவையில்லையாம்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று போனை எடுத்தாள். அதே பாட்டு. சீ என்று வைத்துவிட்டு மேலே ஐசியூவுக்குப் போனாள். நம் கையாலேயே அந்த ரேகையை உருட்டிக்கொடுத்தோமே என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

வாசலிலேயே மனைவி எதிர்ப்பட்டாள்.

"அந்தக் கைநாட்டு செல்லுமாக்கா?"

"செல்லும்மா. ஏத்துக்கிட்டாங்க."

"அப்போ மையைத் துடைச்சிடலாம்ல? மறுபடி கேட்டா வேணுமேன்னு ரெண்டு நாளா தொடாம வச்சிருந்தேன்."

மனைவி பஞ்சை நனைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெருவிரலைத் துடைக்க ஆரம்பித்தாள். வார்டிலிருந்து தள்ளுகட்டிலோடு வந்த இரண்டு பேர், அவள் துடைத்து முடிக்கட்டும் என்று ஓரமாக நின்றார்கள்.