அக்கா பெயரில் ஓர் ஆஸ்பத்திரி

...பின்வரிசையில் இருமியது யார், அக்கா இருமுவது போலவே, முதலில் சின்னதாக இரண்டு, பிறகு அடிவயிற்றிலிருந்து ஒன்று, திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார், பஸ்ஸிலும் இவள் இப்படித்தான் ஏமாந்தாள்... மேடையில் அதிகாரி கொட்டாவியை மென்று விழுங்குகிறார், ரசாயன ஆலையை இன்னும் பெரிதாக்க மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம், கருத்துச் சொல்ல வேண்டியவள்தான் போன மழைக்காலத்தில் மூச்சு முட்டிப் போய்விட்டாளே, அக்கா இருந்திருந்தால் இந்நேரம் மைக்கைப் பிடுங்கியிருப்பாள், "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் உங்க குவார்ட்டர்ஸைக் கட்டினீங்களா சார்?" என்று ஆலைக்காரர்களைக் கேட்டாளே ஒருமுறை, கூட்டமே சிரித்தது, அதிகாரிகளும் குனிந்து சிரித்தார்கள், சிரித்துவிட்டு அனுமதியும் கொடுத்தார்கள்... அதோ சுவரோரமாக இவள் புருஷன், கம்பெனிச் சட்டையில், ஆலை லாரியை ஓட்டுகிறவர் வேறெப்படி வருவார், காலையில் சொன்னார், "நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா உக்காந்திருந்தா போதும்," ஏன் என்று கேட்டதற்குச் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார், அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது...

ஆலை மேனேஜர் இப்போதுதான் சொல்லி முடித்தார், ஆலை வாசலிலேயே மூச்சுக் கோளாறுக்கு இலவச ஆஸ்பத்திரி, அதற்கு அக்காவின் பெயர், உயிரோடு இருந்தவரை அவருக்கு அவள் வெறும் "அந்தம்மா", இன்று முழுப் பெயரையும் பிசகாமல் சொல்கிறார், "அவங்க நம்ம எல்லாருக்காகவும்தான் போராடினாங்க" என்கிறார், நம்ம எல்லாருக்காகவுமா, எப்போதிலிருந்து நம்ம... வேண்டாம் என்று சொல்ல வேண்டும், எழுந்து சொல்ல வேண்டும், ஆனால் வீட்டில் சின்னவளுக்கு நெஞ்சு கீச்கீச்சென்கிறதே, ஆலை பெரிதானால் இன்னும் மோசமாகும், மோசமானால் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், போகமாட்டேன் என்று சொல்ல முடியுமா, பெரியம்மா பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பாளே குழந்தை, யாரும்மா இது என்று கேட்காமல் இருப்பாளா, அக்கா, நீயே சொல்லேன், நான் என்ன செய்ய... கைதட்டல் ஓய்ந்துவிட்டது, அக்காவோடு போராடியவர்கள் முன்வரிசையிலிருந்து இவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள், புருஷனும் பார்க்கிறார், எழுந்து பேசுவாள் என்று காத்திருக்கிறார்களோ, இல்லை, பார்வை முகத்தில் இல்லை, கொஞ்சம் கீழே, மடியில்... எங்கோ ஒரு ஜோடிக் கை மட்டும் இன்னும் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கிறது, யார் அது, இவ்வளவு பக்கத்தில், அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.