சிரிப்பு நீக்கிய எபிசோடு

'ஒரு வீடு ஏழு சாவி' தொடரின் முதல் எபிசோடை வெட்டி ஒட்டியவள் அவள்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆயிரத்து எண்பத்து மூன்றாவது எபிசோடும் அவள் மேசைக்கே வந்தது. இடையில் ஆறு எழுத்தாளர்களும் நான்கு இயக்குநர்களும் மாறியிருந்தார்கள். எடிட்டரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அப்படி ஓர் ஆள் இருப்பதே தயாரிப்பாளருக்கு மறந்துபோயிருக்கலாம்.

ஆரம்பத்தில் அது நல்ல தொடர். ஒரே குளியலறைக்காக ஏழு பேர் அடித்துக்கொள்ளும் குடும்பம். மாமனாராக நடித்தவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூடிய கதவின் முன்னால் நிற்பார். வாயே திறக்க மாட்டார். ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்க முடியாமல் ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார்.

தொடர் நன்றாக ஓடியது. வந்தது வினை. ஓடுகிற எதையும் நிறுத்தக் கூடாது என்பது தயாரிப்பாளரின் ஒரே கொள்கை. குளியலறைச் சண்டை தீர்ந்ததும் பேய் வந்தது. பேய் போனதும் மருமகளுக்கு இரட்டைச் சகோதரி வந்தாள். இளைய மகன் மூன்று முறை நினைவிழந்தான். எதுவுமே ஞாபகமில்லாத அந்த முழி மட்டும் நடிகனுக்கு இயல்பாக வந்தது. வசனத்தில் நகைச்சுவை வற்ற வற்ற, பதிவு செய்து வைத்த சிரிப்பு பெருகியது. யாராவது "காபி வேணுமா?" என்று கேட்டாலே நூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நூறு பேரையும் சிரிக்க வைப்பது அவள் வேலை.

ஆயிரத்து எண்பதாவது எபிசோடில் மாமனார் நாயின் தட்டில் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவர் தாளை மடித்து இயக்குநரிடமே நீட்டினார்.

"இதுல சிரிப்பு எங்க இருக்கு தம்பி? காட்டுங்க, செய்றேன்."

இயக்குநர் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். பின்பக்கம் காலி. பெரியவர் மேக்கப்பைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

தயாரிப்பாளர் எடிட்டிங் அறைக்கே இறங்கி வந்தார்.

"கிழவன் போனா போறான்மா. செத்துட்டான்னு போன் வருது. மருமக மயங்கி கேக்கு மேல விழறா. அங்க பெரிய சிரிப்பா ஒண்ணு போட்டுடு."

"சாவுக்கா சார்?"

"கேக்குக்கு."

அவர் போனதும் அந்தக் காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அந்த எபிசோடிலிருந்த சிரிப்பு அத்தனையையும் உருவி எடுத்தாள். ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் சிரிப்புக்காக இடம் விட்டு நின்ற நடிகர்கள், இப்போது பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். இருபத்திரண்டு நிமிடமும் இதே கதி. பார்க்கிறவர்களுக்கு இன்று குட்டு உடைந்துவிடும், தொடர் இத்தோடு தொலைந்தது என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே ஒளிபரப்புக்கு அனுப்பினாள். தடுக்க யாருமில்லை. அந்தத் தொடரை எடுப்பவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஒளிபரப்பு முடிந்த கையோடு அக்கா போன் செய்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏன்டி இப்படி அழ வச்சீங்க? அந்தப் பொண்ணு கேக்குல விழுந்தா பாரு, எனக்கு நெஞ்சே அடைச்சுடுச்சு."

"அக்கா, அது காமெடி."

"போடி. உனக்கு எதுலதான் மனசு இளகியிருக்கு?"

அந்த வாரம் தொடரின் ரேட்டிங் இரண்டு மடங்கானது. ஒரு பத்திரிகை 'துணிச்சலான மௌனம்' என்று எழுதியது. மூன்று மாதம் தூங்காமல் யோசித்து எடுத்த முடிவு இது என்று தயாரிப்பாளர் பேட்டி கொடுத்தார். மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"இனிமே சிரிப்பே வேண்டாம்மா. வயலின் போடு. நல்லா சத்தமா போடு."

"எந்த இடத்துல சார்?"

"எல்லா இடத்துலயும்."

ஒரு வாரம் போட்டாள். காபி வேண்டுமா என்று கேட்ட இடத்திலும் வயலின் அழுதது. எட்டாம் நாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வேலையை விடுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். தயாரிப்பாளர் கையெழுத்துப் போடும்போது அவள் பெயரைத்தான் கேட்டார்.

தொடர் இன்னும் ஓடுகிறது. அக்கா வாரம் தவறாமல் அழுகிறாள். வேலையை விட்டவள் இப்போது லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்குப் பாதுகாப்பு வீடியோக்கள் வெட்டித் தருகிறாள். வீடியோவில், இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவன் மணியை அழுத்துகிறான். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கிறார். அவன் வெளியே வருகிறான். பன்னிரண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.