பங்குச் சாமி வீட்டுப் பாய்லர்

நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம், அயர்லாந்தின் டிரம்கில்லன் ஊர்ப் பங்குச் சாமியார் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் உயிரை விட்டது. சத்தமில்லாமல் போகவில்லை. நன்றாக இருமி, ஒரு பெரிய தும்மல் தும்மி, பின்வாசல் முழுக்கக் கரும்புகையைக் கக்கிவிட்டுத்தான் அடங்கியது. பக்கத்து நகரமான ஓமாவிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இனிமே இதுக்கு நான் பண்ண ஒண்ணுமில்ல சாமி. சாகக் கெடக்கறவங்களுக்குக் குடுக்கற அவஸ்தைப்பூசுதல் குடுக்கணும்னா நீங்கதான் குடுக்கணும்."

லோர்கன் சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. டைரோன் மாவட்டத்துக் குளிர் மழையோடு கைகோத்து வரும். எத்தனை கம்பளி போட்டாலும் எலும்பு வரை விசாரித்துவிட்டுத்தான் போகும். வீடோ நூறு வருஷத்துக் கல்வீடு. ஒரே ஆள் இருக்க ஒன்பது அறை.

வீடு பங்குக்கு, அதாவது அந்த ஊர்க் கோவிலுக்குச் சொந்தம். ஆகவே புதுப் பாய்லரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பங்குப் பேரவையிடம் போனது. அதன் தலைவர் போஸ்கோ கில்கன், மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். எதையும் சுற்றிவந்து, தட்டிப்பார்த்து, குறை சொல்லாமல் வாங்கமாட்டார். செயலாளர் அட்ராக்டா டோனலி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூன்றாவது ஆள் ஃபின்டன். வீடுவீடாகப் போய்த் தொட்டிகளில் பாய்லருக்கான மண்ணெண்ணெய் நிரப்பும் லாரி அவனுடையது.

பேரவை கால்பந்து கிளப்பின் பின்னறையில் கூடியது. அங்கே கணப்பு நன்றாக எரியும். அவசரம் எதுவும் தோன்றாத இடம்.

"வெளியே பெட்டியில வைக்கிற ரகமா, சமையலறைக்குள்ள வைக்கிற ரகமா? அதை முதல்ல தீர்மானிப்போம்" என்றார் போஸ்கோ.

"உள்ள வெச்சா சத்தம் போடும். சாமியோட செபத்துக்கு இடைஞ்சல்" என்றாள் அட்ராக்டா.

"வெளிய வெச்சா பாதிச் சூடு ரோட்டுல போற மாட்டுக்குத்தான்."

"மாடும் குளிர்லதானப்பா நிக்குது" என்றான் ஃபின்டன். "எனக்குத் தெரிஞ்சு நல்லா எண்ணெய் குடிக்கிற ரகம்தான் நல்லா உழைக்கும். தீனி தின்னாத பாய்லர் சீக்கிரம் செத்துடும்."

"உன் லாரி நல்லா ஓடணும்னு சொல்லு" என்றார் போஸ்கோ.

அடுத்த கூட்டம் முழுவதும் வெந்நீருக்குப் போனது. குழாயைத் திறந்ததும் அப்போதைக்கப்போது சுட வைத்துத் தரும் பாய்லரா, அல்லது தொட்டியில் சேர்த்து வைப்பதா? ஒரு சாமியாருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வெந்நீர் தேவைப்படும் என்று அட்ராக்டா கேட்டாள். மூவரும் திரும்பி, மூலையில் உட்கார்ந்திருந்த சாமியைப் பார்த்தார்கள். லோர்கன் சாமி காது சிவக்க, "மத்தவங்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான்" என்றார். "அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை குளியல்னு எழுதிக்கறேன்" என்று எழுதிக்கொண்டாள்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு மூன்று கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள் வந்தன. புகையோடு போகிற சூட்டையும் பிடித்துத் திருப்பித் தருவதாக எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அட்ராக்டா அவற்றில் இருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, மூன்றையும் ஃபெயில் ஆக்கினாள்.

இதற்குள் சாமி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சாயங்காலம் ஆனால் தொப்பியை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்காவது கிளம்பிவிடுவார். பதினோரு வருஷமாக அந்தப் பங்கில் இருக்கிறார். சாவு விழுந்தாலொழிய யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. இப்போது உடம்பு சரியில்லாதவரை விசாரித்தார், பிறந்த பிள்ளையைக் கொஞ்சினார், ஆட்டுக்கறிக் குழம்பைப் பாராட்டினார். எல்லா வீட்டிலும், பாய்லர் வெந்நீர் ஓடிச் சுடும் ரேடியேட்டருக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு காலை இப்படி, ஒரு காலை அப்படி அதன்மேல் சாய்த்துக்கொள்வார். காலுறையிலிருந்து ஆவி வரும்.

ஊர் நெகிழ்ந்துபோனது. "என்ன மனுஷன்யா! மழைன்னு பாக்கறாரா, காத்துன்னு பாக்கறாரா!" என்று பூசைக்குப் பின் பேசிக்கொண்டார்கள். செய்தி அர்மா நகருக்கு எட்டி, மற்ற பங்குச் சாமியார்களும் டிரம்கில்லனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆயர் இல்லத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். லோர்கன் சாமி மேல்கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு அந்தப் பாராட்டைக் கேட்டார். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லும் அளவுக்கு இல்லை.

அவர் அதிகமாகப் போனது டிம்ப்னா வீட்டுக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், புருஷனை இழந்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். சாமி வந்தால் டிவியை அணைக்காத ஒரே வீடு அதுதான். சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"சாமி, உங்களுக்கு இந்த வருஷம் பாய்லர் வராது."

"ஏன், கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சுடலாம்னு போஸ்கோ சொன்னாரே?"

"அவர் சந்தையில என்ன சொன்னார்னு கேளுங்க. 'பாய்லர் இல்லாத வரைக்கும் மேய்ப்பர் ஆட்டைத் தேடிக்கிட்டு வர்றாரு. பாய்லர் வந்துட்டா பழையபடி கதவைச் சாத்திக்குவாரு. எதுக்கு அவசரப்படணும்?'ங்கறாரு. டீச்சரும் தலையாட்டினாங்களாம்."

சாமி கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நான் குளிருக்காகத்தான் வர்றேன்னு எல்லாருக்கும் தெரியுமா?"

"கால்ல புகை வர்றது எங்களுக்குத் தெரியாதா? சூப்பு ஆறுது, குடிங்க."

அன்று இரவு மூன்று போர்வைக்கடியில் வெந்நீர்ப் பையைக் கட்டிப்பிடித்தபடி லோர்கன் சாமி யோசித்தார். கோபம் வந்தது, நியாயமில்லாத கோபம் என்றும் தெரிந்தது. நியாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். வீடு சந்திப்பதுதானே வேண்டும்? சந்தித்துவிடுவோம்.

மறுநாள் போஸ்கோ சோபாவில் காலை நீட்டி, பியர் கோப்பையைத் தொப்பைமேல் வைத்து, டிவியில் பெரிய கால்பந்து ஆட்டம் தொடங்கக் காத்திருந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

"வாங்க சாமி... ஆட்டம் இப்பதான்..."

"அதை நிறுத்திடு போஸ்கோ. குடும்பமா ஒரு செபமாலை சொல்லி எத்தனை நாளாச்சு?"

செபமாலை மட்டும் என்றால் போஸ்கோ தாங்கியிருப்பார். அதன் வாலில் மாதா மன்றாட்டுமாலை, மழைக்காக இல்லாமல் மழை நிற்பதற்காக ஒரு செபம், கில்கன் குடும்பத்தில் செத்தவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஒரு செபம். கில்கன் குடும்பத்தில் செத்தவர்கள் நிறைய. பக்கத்து வீட்டில் கோல் விழுந்த கூச்சல் கேட்டபோது போஸ்கோ மண்டியிட்டபடி கண்ணை இறுக்க மூடினார். பக்தி என்று அவர் மனைவி நினைத்தாள்.

"நாளைக்கும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு சாமி கிளம்பினார். மறுநாள் சொன்னபடி வந்தார். அட்ராக்டா வீட்டுக்கு அவள் சீட்டாடும் நாளாகப் பார்த்துப் போய், ஆடிக்கொண்டிருந்த நான்கு மூதாட்டிகளையும் முழங்காலில் நிறுத்தினார். ஃபின்டன் வீட்டுக்குச் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய், ரேடியேட்டர் பக்கத்தில் இருந்த அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவனுடைய பங்குக் கறியையும் சாப்பிட்டார். மற்ற வீடுகளுக்குப் போகவே இல்லை.

வார முடிவில் பேரவை அவசரமாகக் கூடியது. உள்ளேயா வெளியேயா என்று யாரும் கேட்கவில்லை. எழுத்துப் பிழையை யாரும் பார்க்கவில்லை.

"எந்த அளவு வாங்கறது?" என்றான் ஃபின்டன்.

"இருக்கறதுலயே பெருசு" என்றார் போஸ்கோ. "சின்னதா வாங்கிப் பத்தாமப் போச்சுன்னா?"

மூவருக்கும் ஒரே காட்சிதான் மனதில் ஓடியது: வாசலில் தொப்பியோடு சாமி. கை தூக்கினார்கள்.

ஹோட்டலுக்கு வைக்கிற பாய்லர் அது. வெளியே பச்சைப் பெட்டிக்குள் உட்கார்ந்து உறுமியது. முதல் நாள் சாமி சந்தோஷத்தில் ஒவ்வொரு ரேடியேட்டராகத் தொட்டுக் கும்பிட்டார். இரண்டாம் நாள் கம்பளியைக் கழற்றினார். நான்காம் நாள் சட்டையோடு உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தார். பனியில் நடந்து போனவர்கள், திறந்த ஜன்னல் வழியாக மேரி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மின்விசிறி சுழல்வதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஃபின்டன் மட்டும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் லாரி ஹாரனை அன்போடு அடித்தான்.

சாமி கதவைச் சாத்திக்கொண்டார். போஸ்கோ சொன்னபடியே நடந்தது. சூடான வீட்டில் டிவி பார்த்தார், பிரசங்கம் எழுதினார், பகலில் தூங்கினார். பண்டிகை வாரம் போல ஒரு வாரம் போனது. பிறகு வீடு மிகவும் அமைதியாக இருப்பதாகப் பட்டது. அவர் பிரசங்கம் நீளம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அந்த ஒன்பது அறைகளில் யாரும் இல்லை. டிவியில் ஒரு ஆள் அபத்தமாகப் பேசினான். பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்லப்போனவர், ரேடியேட்டரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஜனவரி மழையில் ஒரு சாயங்காலம் டிம்ப்னா வீட்டு மணியை அடித்தார். அவள் கதவைத் திறந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இப்ப என்ன சாமி ரிப்பேர்?"

"ஒண்ணும் ரிப்பேர் இல்ல."

"பாய்லர் ஓடுதா?"

"பேயா ஓடுது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

லோர்கன் சாமி தொப்பியிலிருந்த தண்ணீரை உதறினார்.

"சூப்பு இருக்கா?" என்றார்.