லாவெண்டர் எண்ணெயும் பதினாலு நாள் சாப்பாடும்

தன்னைத்தானே நேசிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். பெயர் கேண்டிஸ். பல் அத்தனையும் வெள்ளை வெளேர். எங்கள் சபைப் பெண்கள் அறுபது பேர் கூடத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டில் லாவெண்டர் எண்ணெய் தடவிக்கொண்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடக்கூட இவர்களுக்கு வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிறது, கண்றாவி. நான் சமையலறையில் அந்த அறுபது பேருக்கும் கோழி சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பதினாறு வருடமாக இந்தச் சமையலறை என் கையில். சபையில் யாருக்கு ஆபரேஷன், யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் சாவு என்றாலும், எந்த நாள் எவள் சாப்பாடு கொண்டுபோவது என்று பட்டியல் போடுகிறவள் நான்தான். எவளாவது கடைசி நேரத்தில் தலைவலி என்று கழன்றுகொண்டால் அன்றைக்கும் நானே சமைத்து எடுத்துக்கொண்டு ஓடுவேன். சிஸ்டர் வெல்டா இல்லாவிட்டால் இந்தச் சபை பட்டினி கிடக்கும் என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளிரும், பொய் சொல்வானேன்.

வருகிற வியாழக்கிழமை எனக்குக் கருப்பையை எடுப்பதாக இருந்தது. எட்டு மாதமாக விடாத ரத்தப்போக்கு. இரண்டு முறை தேதி கொடுத்தார்கள், இரண்டு முறையும் நானே தள்ளிப்போட்டேன். ஒரு தடவை ஈஸ்டர் விருந்துக்காக, இன்னொரு தடவை ஒரு மூப்பரின் அடக்கச் சாப்பாட்டுக்காக. "மூணாவது தடவையும் தள்ளிப்போட்டா என்கிட்ட வராதீங்க, நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க, போற வழியில உயிர் இருந்தா" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். உடம்பில் ரத்தம் பாதியாகிவிட்டது. மாவுப் பையைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த விஷயம் சபையில் பாஸ்டரம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தப் பாஸ்டரம்மா டார்லா சமையலறைக்குள் எட்டிப்பார்த்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள்.

"வெல்டா கண்ணு, ஒரு நிமிஷம்."

அவள் கண்ணு என்று கூப்பிட்டால் பின்னாலேயே ஒரு வேலை வரும்.

"சொல்லுங்க பாஸ்டரம்மா."

"அந்த ஆபரேஷன் இருக்கே, அதைக் கோடை வேதப்பள்ளி முடியிற வரைக்கும் தள்ளி வைக்க முடியுமா? நூத்தியிருபது பிள்ளைங்க, அஞ்சு நாள் மதியச் சாப்பாடு. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"டாக்டரம்மா கத்துவாங்க."

"ஜெபிச்சுப் பாருங்க. எனக்கென்னவோ ஆண்டவர் செப்டம்பர்னு சொல்ற மாதிரியே இருக்கு."

என் கருப்பையைப் பற்றி ஆண்டவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, இவளிடம் போய் மாதம் முதற்கொண்டு சொல்லியிருக்கிறார்! நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்ததோ "பார்க்கலாம்" என்ற வார்த்தைதான். நான் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம், ஊருக்கே தெரியும். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, லாவெண்டர் வாடையை என் மேலும் அப்பிவிட்டுப் போனாள். உங்களை விட்டா யாரு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நாய் மாதிரி வாலை ஆட்டுகிறேனே என்று என்மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கேண்டிஸ் என்னையும் கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினாள். ஆளுக்கொரு ரோஸ் நிற அட்டை. இந்த வாரம் உனக்கு நீயே செய்துகொள்ளப்போகும் ஒரு அன்பான காரியத்தை அதில் எழுதி எழுந்து வாசிக்க வேண்டும்.

"நுரை போட்ட தொட்டியில ஒரு மணி நேரம் படுத்திருப்பேன்" என்றாள் ஒருத்தி. கைதட்டல்.

"பிள்ளைங்களுக்குத் தெரியாம கார்ல உட்கார்ந்து சாக்லேட் சாப்பிடுவேன். அதுக்காக வருத்தப்படவே மாட்டேன்." அதற்கும் கைதட்டல். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சாக்லேட்டுக்கு!

"தினமும் கண்ணாடியைப் பார்த்து, நீ அழகின்னு சொல்லுவேன்" என்றாள் இன்னொருத்தி. பாவம் அந்தக் கண்ணாடி.

என் முறை வந்தது. என் அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. எழுந்தேன். தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், செப்டம்பர் வரை நான் இருக்கமாட்டேன் என்று பயம் வந்தது. நிஜமான பயம்.

"வியாழக்கிழமை எனக்குக் கருப்பையை எடுக்கிறாங்க. நான் போகப்போறேன்."

டார்லாவின் முகம் சுருங்கியது. மற்றவர்கள் ஐயோ, ஆண்டவரே என்று ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். தோளில், முதுகில், தலையில் எல்லாம் கைகள். கேண்டிஸ் கண்ணை மூடி நீளமாக ஜெபிக்க ஆரம்பித்தாள். அத்தனை லாவெண்டர் வாடையும் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"ஆமென்" என்று பாதியிலேயே முடித்துவைத்தேன். "ஜெபம் போதும். ஆறு வாரம் நான் எதையும் தூக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் டுவெய்ன் லாரி ஓட்டப் போயிடுவாரு, வீட்டுல இருந்தாலும் அவருக்கு முட்டை அவிக்கத் தெரியாது. எனக்குப் பதினாலு நாளைக்குச் சாப்பாடு வேணும்."

சாப்பாடு வேண்டும் என்று என் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு தாளில் பதினாலு கோடு போட்டு மேசைகளைச் சுற்றி அனுப்பினேன்.

தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஜெபிக்கிறேன்'. சிலதுக்குப் பக்கத்தில் இதயம் வேறு வரைந்திருந்தார்கள். கோடு போட்ட பதினாலு இடமும் அப்படியே காலி.

"ஜெபத்தை எந்தத் தட்டுல வச்சுத் திங்கிறது?" என்று கத்தினேன். "உங்க பிரசவத்துக்கு எவ சமைச்சா? உங்க மாமியார் செத்தப்போ எவ வந்து நின்னா? வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"அன்பானவர்களே, இந்தக் கோபத்தைக் கூட நாம..." என்று ஆரம்பித்தாள் கேண்டிஸ்.

"நீ சும்மா உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்தாள்.

"அப்போ வேதப்பள்ளிக்கு?" என்று டார்லா மெல்லக் கேட்டாள். இந்த நேரத்திலும்!

"ஆண்டவர் உங்ககிட்டதானே பேசுறாரு பாஸ்டரம்மா, அவரையே கேளுங்க."

கடைசி மேசையிலிருந்து மார்னெட் எழுந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். வாரம் தவறாமல் வருவாள், வாயே திறக்க மாட்டாள்.

"எழுதணும்னுதான் பேனாவை எடுத்தேன், சிஸ்டர். ஆனா போன அறுப்புப் பண்டிகைக்கு நான் கொண்டுவந்த சீஸ் மக்ரோனியை நீங்க அப்படியே குப்பையில கொட்டுனீங்க. நான் கதவுக்கிட்டதான் நின்னேன். வேலை முடிச்சு, யூனிஃபார்மைக்கூட மாத்தாம செஞ்சு எடுத்துட்டு வந்தது."

"என் பீன்ஸையும்தான்" என்றாள் சாக்லேட்காரி. "மறுபடி தாளிக்கிறேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனீங்க. மேசைக்கு வரவே இல்ல."

"உங்களுக்குச் சமைக்க எங்களுக்குப் பயம் சிஸ்டர்" என்றது இன்னொரு குரல்.

கொட்டியது உண்மை. இவளுக்குச் சமைக்கத் தெரியாது, அவளுக்கு ருசி தெரியாது என்று பதினாறு வருடமாக ஒருத்தியையும் அடுப்பருகே விட்டதில்லை. டார்லா என்னைக் கேட்டதில் என்ன தப்பு? என்னை விட்டால் ஆள் இல்லாதபடி நான்தானே பார்த்துக்கொண்டேன். இத்தனை நேரம் அத்தனை பேரையும் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தேன், அது என் முகத்திலேயே வந்து விழுந்தது. கூசிப்போனேன்.

"ஆமா, கொட்டினேன்" என்றேன். "அதுல உப்பே இல்ல மார்னெட். ஆனாலும் நான் கொட்டியிருக்கக் கூடாது."

"என் கைக்கு அப்படித்தான் வரும்."

"வரட்டும். முதல் நாளுக்கு உன் பேரை எழுது. நான் சாப்பிடுறேன்."

"கொட்டிட மாட்டீங்களே?"

"எழுந்து நிக்கவே முடியாதுடி, எங்க போய்க் கொட்டுவேன்?"

அவள் சிரிக்கவில்லை. தாளை வாங்கி முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். கொஞ்சம் யோசித்து இரண்டாவது கோட்டிலும் எழுதினாள்.